எல்லாம் தெரியும், எவ்வளவு என்றுதான் தெரியாது

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சிற்றூர் காஹாங். எண்டாவ் ரோம்பின் தேசியப் பூங்காவின் பேத்தா நுழைவாயிலுக்குச் செல்பவர்கள் இந்த ஊர் வழியாகத்தான் போகவேண்டும். இங்கே ஒரு கடைவீட்டை வாடகைக்கு எடுத்து மளிகைக் கடை வைக்கலாமா என்று சிங்கப்பூரில் வேலை செய்யும் ஒருவர் யோசிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நேரில் வர விடுப்பு கிடைக்கவில்லை. வீட்டுக்காரர் 360 டிகிரி படம் ஒன்றைக் கைபேசிக்கு அனுப்பிவிடுகிறார். விரலால் தள்ளத் தள்ளக் கூரை, தரை, மின்பெட்டி, மாடிப்படி, பின்கதவு என்று எல்லாம் வருகின்றன. ஆனால் அவர் கேட்க விரும்புவது ஒன்றே ஒன்றுதான்: மூன்று வரிசை அலமாரி போட்டால் இடையில் ஆள் நடக்க இடம் இருக்குமா? படத்தை எத்தனை முறை சுற்றினாலும் அதற்குப் பதில் கிடைக்காது.

சுற்றிப் பார்ப்பது வேறு, அளந்து பார்ப்பது வேறு. முதலாவதை இன்று ஒரு சிறிய கேமரா நொடியில் செய்துவிடுகிறது. அந்தப் படத்திலிருந்தே இரண்டாவதையும் வரவழைக்க முடியுமா என்பதுதான் கட்டட உட்புற வரைபடத் துறையின் கேள்வி. முடியும். ஆனால் படத்தில் இல்லாத ஒன்றை வெளியிலிருந்து கொடுத்தால்தான் முடியும்.

கோணங்களால் ஆன படம்

சாதாரண லென்ஸ் நேர்க்கோட்டை நேர்க்கோடாகவே காட்டும். அதற்காக, படத்தின் நடுவிலிருந்து விலக விலகக் காட்சியை இழுத்து நீட்டிக்கொண்டே போகும். பக்கவாட்டில் 90 டிகிரியில் இருக்கும் ஒரு பொருளை அந்த முறையில் காட்ட முடிவில்லாத அகலமுள்ள படச்சுருள் வேண்டும். மீன்கண் லென்ஸ் இந்தப் பிடிவாதத்தை விட்டுவிடுகிறது. ஒரு பொருள் லென்ஸின் நடு அச்சிலிருந்து எத்தனை டிகிரி விலகியிருக்கிறதோ, ஏறத்தாழ அதே விகிதத்தில் படத்தின் மையத்திலிருந்து தள்ளி வைக்கிறது. கோடுகள் வளைந்துவிடும். ஆனால் எதிரே உள்ள அரைக்கோளம் முழுவதும் ஒரு வட்டத்துக்குள் அடங்கிவிடும்.

தண்ணீருக்குள் இருக்கும் மீனுக்கு மேலுலகம் எப்படித் தெரியும் என்று ஆராய்ந்த அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் 1906-ல் இதன் அடிப்படையை விளக்கினார். நீர் வழியாகவே ஒளியை வளைத்து அவர் படமெடுத்தும் காட்டினார். 1924-ல் இங்கிலாந்தின் ராபின் ஹில் வானம் முழுவதையும் ஒரே படத்தில் பிடிக்கும் லென்ஸை வடிவமைத்தார். மேகங்களைப் பதிவுசெய்வது அவர் நோக்கம். வானத்தைப் பார்த்த அந்த லென்ஸின் வழிவந்தவைதான் இன்று அறைகளைப் பார்க்கின்றன. 2013-ல் ரிக்கோ நிறுவனம் தீட்டா என்ற கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முதுகோடு முதுகாக இரண்டு மீன்கண் லென்ஸ்கள், ஒரே அழுத்தலில் முழுச் சுற்று. ஒவ்வொரு லென்ஸும் 180 டிகிரிக்குச் சற்று அதிகமாகவே பார்க்கும். இரண்டும் பொதுவாகப் பார்த்த விளிம்பை வைத்துக் கணினி படங்களை ஒட்டும்.

ஒட்டிய படத்தை நீள்சதுரமாக விரித்தால் அகலம் உயரத்தைப் போல் இரு மடங்கு இருக்கும். அகலம் 360 டிகிரி, உயரம் 180 டிகிரி. உலக வரைபடத்தில் கிரீன்லாந்து உப்பித் தெரிவதுபோல இதில் கூரையும் தரையும் அகன்று தெரியும். சுவர்கள் கூரையோடு சேரும் கோடுகள் வளையும். கேமரா நிமிர்ந்து நின்றிருந்தால் தூண்களும் கதவு நிலைகளும் மட்டும் செங்குத்தாகவே நிற்கும். படம் 6000 புள்ளி அகலமும் 3000 புள்ளி உயரமும் கொண்டது என்றால், ஒரு புள்ளிக்கு 0.06 டிகிரி. எந்தப் புள்ளியைத் தொட்டாலும் அது எந்தத் திசையில், எவ்வளவு மேலே அல்லது கீழே இருக்கிறது என்று சொல்லிவிடலாம். எவ்வளவு தூரத்தில் என்று சொல்ல முடியாது. ஆளுயரக் கதவைப் பக்கத்திலிருந்து எடுத்தாலும், இரு மடங்கு பெரிய கதவை இரு மடங்கு தூரத்திலிருந்து எடுத்தாலும், படத்தில் இரண்டும் ஒன்றே.

பரங்கிமலையில் அளந்த கோடு

கோணங்களை வைத்துக்கொண்டு நிலத்தை அளப்பது தமிழ்நாட்டில் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நடந்த வேலை. 1802-ல் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே எஃகுச் சங்கிலியால் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு நேர்க்கோட்டை அளந்தார். ஒரு முக்கோணத்தில் ஒரு பக்கமும் அதன் இரு முனைக் கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களும் கணக்கில் வந்துவிடும். அந்தப் பக்கங்கள் அடுத்த முக்கோணங்களுக்கு அடித்தளமாகும். இப்படிச் சங்கிலி எட்டாத தூரங்களுக்கும் கோணங்களே அளவைக் கொண்டுபோயின. இடையிடையே சரிபார்க்க வேறு சில கோடுகளையும் நிலத்தில் அளந்துகொண்டார்கள். பெரும் முக்கோண அளவை இப்படித்தான் நாடு முழுவதும் பரவியது.

கோணம் பார்க்க அவர் பயன்படுத்திய தியோடலைட் அரை டன் எடை. சமவெளியில் உயரமான இடம் வேண்டுமென்று 1808-ல் அதைத் தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்கு ஏற்றியபோது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சேதமடைந்தது. லாம்டன் அதைப் பொறுமையாகச் சீர்செய்து மறுபடி வேலைக்குக் கொண்டுவந்தார். இன்றைய 360 கேமராவும் ஒரு தியோடலைட்தான். ஒரே நொடியில் கோடிக்கணக்கான கோணங்களைப் படித்துவிடும் தியோடலைட். அதற்கும் ஒரு பரங்கிமலைக் கோடு தேவை. வீட்டுக்குள் அந்தக் கோடு எங்கே இருக்கிறது? கேமரா நிற்கும் தாங்கியின் உயரம்தான் அது.

தரைக்கோடு சொல்லும் தூரம்

கடைவீட்டுத் தரைத்தளம் 6 மீட்டர் அகலம், 21 மீட்டர் நீளம் என்று கொள்வோம். சரியாக நடுவில், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் கேமராவை நிறுத்துகிறோம். பக்கச் சுவர் தரையைத் தொடும் இடத்தைக் கேமரா 26.6 டிகிரி கீழ்நோக்கிப் பார்க்கும். கேமராவின் உயரத்தை அந்தக் கோணத்தின் டேன் மதிப்பால் வகுத்தால் 3 மீட்டர் என்று விடை வரும். பள்ளிக்கூடத் திரிகோணமிதிக்கு மேல் இதில் ஒன்றுமில்லை. சுவரும் தரையும் சேரும் கோட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் படித்தால் அறையின் வரைபடம் கிடைத்துவிடும். அதே சுவர் கூரையைத் தொடும் இடத்தின் மேல்கோணத்தைப் படித்தால் அறையின் உயரமும் வந்துவிடும்.

இந்த முறையின் பலவீனமும் இதே கணக்கில் இருக்கிறது. பக்கச் சுவரின் அடிக்கோட்டைக் குறிக்கும்போது ஒரு புள்ளி தவறினால் 3 மீட்டரில் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் பிழை. முன்வாசலும் பின்சுவரும் 10.5 மீட்டர் தள்ளி இருக்கின்றன. அங்கே பார்வை 8 டிகிரிதான் கீழே சாய்கிறது. அதே ஒரு புள்ளித் தவறு அங்கே ஏறத்தாழ 8 சென்டிமீட்டர். தூரம் மூன்றரை மடங்கு, பிழையோ பத்து மடங்கு. கேமரா 1 டிகிரி சாய்ந்து நின்றால் பக்கச் சுவர் 13 சென்டிமீட்டர் நகரும். கோடியில் இருக்கும் சுவர் ஒரு மீட்டருக்கும் மேல் நகர்ந்துவிடும். அதனால்தான் நல்ல மென்பொருள் முதலில் படத்தை நிமிர்த்துகிறது. கேமராவுக்குள் இருக்கும் சாய்வு உணரியை அது அப்படியே நம்புவதில்லை. கதவு நிலை, தூண், சன்னல் விளிம்பு போன்ற செங்குத்துக் கோடுகள் எல்லாம் ஒருசேர நிமிரும்வரை படத்தைத் திருத்திக்கொள்கிறது.

உயரத்தில் நேரும் பிழையின் இயல்பு வேறு. தாங்கி உண்மையில் 1.6 மீட்டர் இருக்க, 1.5 என்று பதிந்துவிட்டால் அறையின் வடிவம் துளியும் கோணாது. எல்லாம் பொருந்தி, பார்க்க அழகாக இருக்கும். 21 மீட்டர் நீளக் கடை மட்டும் 19.7 மீட்டராகச் சுருங்கியிருக்கும். வடிவப் பிழையைக் கண் பிடித்துவிடும். அளவுப் பிழையைக் கண்ணால் பிடிக்க முடியாது.

நீளமான கடைக்கு ஒரே படம் போதாது என்பதும் இதிலிருந்து தெளிவாகிறது. நடுவில் ஒன்று எடுப்பதைவிட, முன்னால், நடுவில், பின்னால் என்று மூன்று இடங்களில் எடுத்து, ஒவ்வொரு படமும் தன் பக்கத்தில் இருப்பதை மட்டும் அளக்கும்படி விடுவதே முறை.

ஒட்டுவதற்கு இரண்டு வழிகள்

ஒரு விரலை முகத்துக்கு நேரே பிடித்து, இடக்கண்ணாலும் வலக்கண்ணாலும் மாறி மாறிப் பாருங்கள். விரல் பின்னணியில் இடம் மாறும்; இதுதான் இடமாறு தோற்றம். கேமராவின் இரண்டு லென்ஸ்களுக்கும் இடையே சில சென்டிமீட்டர் இடைவெளி இருப்பதால் இதே சிக்கல் அங்கும் உண்டு. தூரத்துச் சுவர் தடயமின்றி ஒட்டிக்கொள்ளும். கையெட்டும் தூரத்தில் இருக்கும் அலமாரி, இரு படங்களும் சேரும் தையல் விளிம்பில் விழுந்தால் முறிந்தோ இரண்டாகவோ தெரியும். இடுக்கான வழியில் எடுக்கும்போது பக்கத்துச் சுவரை லென்ஸுக்கு நேராகவும், நீளவாக்கைத் தையல் பக்கமாகவும் வைப்பது அனுபவப்பட்டவர்களின் வழக்கம்.

பல படங்கள் பிசிறின்றி ஒட்ட வேண்டுமானால் வடிவியல் இரண்டு வழிகளையே அனுமதிக்கிறது. ஒன்று, லென்ஸுக்குள் ஒளிக்கதிர்கள் சந்திக்கும் புள்ளி நகராமல் கேமராவைச் சுழற்ற வேண்டும். சுற்றுப்படம் இந்த வகை. இன்னொன்று, படமெடுக்கப்படும் பொருள் தட்டையாக இருக்க வேண்டும். அப்போது கேமரா நகர்ந்தாலும் படங்கள் பொருந்தும்.

இரண்டாம் வழிக்கு நல்ல உதாரணம், லாம்டனின் கருவி மோதிய அதே தஞ்சைக் கோயிலின் உட்புறம். கருவறையைச் சுற்றிச் செல்லும் குறுகலான இருட்டு வழியின் சுவர்களில் சோழர்கால ஓவியங்கள் இருப்பதை 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அவற்றின்மேல் நாயக்கர் காலத்தில் தீட்டிய ஓவியங்கள் இருந்தன. பின்னாளில் இந்தியத் தொல்லியல் துறை மேலடுக்கைப் பெயர்த்தெடுத்துப் பாதுகாத்து, அடியில் இருந்தவற்றை வெளிக்கொணர்ந்தது. ஆனால் ஓவியத்தை முழுதாகப் பார்க்க அங்கே பின்னால் நகர்ந்து நிற்க இடமில்லை. பகுதி பகுதியாகப் படமெடுத்து, கணினியில் ஒட்டி, முழு ஓவியமாக்க வேண்டியிருந்தது. பி.எஸ். ஸ்ரீராமன் எழுதி 2011-ல் தொல்லியல் துறை வெளியிட்ட நூலில் அந்தப் பதிவு இருக்கிறது. அந்தச் சுவரின் முன் நிற்கும் ஒருவர் கண்ணால் காண முடியாத முழுக்காட்சியைத் தாளில் காணலாம்.

அறையோடு அறையைக் கோர்ப்பது

ஒவ்வொரு நிலையிலும் எடுத்த படத்தை அடுத்ததோடு இணைக்க, இரண்டிலும் தெரியும் பொதுவான இடங்கள் வேண்டும். கனடாவின் டேவிட் லோ 1999-ல் வெளியிட்ட 'சிஃப்ட்' முறை இதற்கு வழி செய்தது. பெயர்ப்பலகையின் மூலை, தரை ஓட்டின் கறை, ஆணி அடித்த தழும்பு போன்ற தனித்த புள்ளிகளைத் தேடி, கோணமும் அளவும் மாறினாலும் அடையாளம் காணும்படி அவற்றைக் குறித்துவைக்கும் முறை அது. இருந்தாலும் இரண்டு ஒரே மாதிரியான சன்னல் மூலைகளை ஒன்றென்று எண்ணிவிடும் தவறுகள் ஏராளம் வரும். அவற்றைக் களைய 1981-ல் ஃபிஷ்லரும் போல்ஸும் தந்த 'ரான்சாக்' இன்றும் கைகொடுக்கிறது. மிகச் சில இணைகளைக் குருட்டாம்போக்கில் எடுத்து, அவை உண்மையென்றால் கேமரா எங்கே நின்றிருக்கும் என்று கணக்கிட வேண்டும். மற்ற இணைகளில் எத்தனை அதற்கு ஒத்துப்போகின்றன என்று எண்ண வேண்டும். இதைப் பலமுறை செய்து, அதிக ஆதரவு பெற்ற விடையை வைத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிட வேண்டும்.

ஒட்டும்போது தொல்லை கொடுத்த இடமாறு தோற்றம் இங்கே உதவிக்கு வருகிறது. இரண்டு நிலைகளிலிருந்து பார்த்த ஒரே புள்ளி ஒரு முக்கோணத்தை உண்டாக்குகிறது. லாம்டனின் கணக்கு மறுபடி தொடங்குகிறது. ஆனால் ஒவ்வொரு இணைப்பிலும் சிறு பிழை ஒட்டிக்கொண்டு வரும். முன்கூடம், கிடங்கு, சமையற்கட்டு, பின்கட்டு என்று போகப் போக அது சேர்ந்து பெருகும். எட்டாவது படத்தில் கட்டடம் லேசாக வளைந்திருக்கும். இதற்கு மருந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவது. மலாயாக் கடைவீடுகளுக்கு இந்த வசதி இருக்கிறது. 1822-ல் ராஃபிள்ஸ் சிங்கப்பூர் நகரத் திட்டத்தில் விதித்து, பிறகு மலாயா எங்கும் பரவிய ஐந்தடி நடைபாதை முன்னால்; பின்சந்து பின்னால். பின்கதவு வழியே வெளியேறி, வரிசையின் கோடியைச் சுற்றி, ஐந்தடியில் நடந்து முன்வாசலுக்கு வந்து முதல் இடத்திலேயே கடைசிப் படத்தை எடுத்தால், கணக்கில் விழுந்த இடைவெளி எவ்வளவு என்று தெரிந்துவிடும். அதை எல்லா நிலைகளுக்கும் பங்கிட்டுக் கட்டடத்தை நிமிர்த்தலாம்.

இயந்திரம் கற்ற வீடுகள்

தரைக்கோட்டை மனிதர் கையால் குறித்த காலம் போய், இப்போது நரம்பு வலையமைப்புகள் குறிக்கின்றன. 2018-ல் வந்த லேயவுட்நெட், 2019-ல் வந்த ஹொரைசன்நெட் போன்றவை ஒற்றைச் சுற்றுப்படத்தைப் பார்த்து அறையின் மூலைகளைச் சொல்லும். மூட்டை அடுக்கித் தரைக்கோடு மறைந்திருந்தால் கூரைக்கோட்டைப் பார்த்துத் தரையை ஊகிக்கும். சுவர் செங்குத்தானது என்பதால் மேலே இருக்கும் மூலைக்கு நேர் கீழேதான் தரை மூலையும் இருக்கவேண்டும். சரக்கு நிறைந்த கடையில் பெரும்பாலும் இந்த வழிதான் கைகொடுக்கும்.

கற்றதற்கு ஏற்பவே இவை பார்க்கும். 2021-ல் அமெரிக்க வீட்டுவணிக நிறுவனமான ஸில்லோ ஆய்வாளர்களுக்குக் கொடுத்த தொகுப்பில் 1,524 வீடுகளின் 71,474 சுற்றுப்படங்கள் இருந்தன. அத்தனையும் தட்டுமுட்டுச் சாமான் இல்லாத காலி வீடுகள். வெள்ளைச் சுவரும் செங்கோண மூலையுமாக இருக்கும் அறையைப் பார்த்துப் பழகிய நிரலுக்கு, நடுவில் வானம் பார்த்த முற்றமும், பாதிச் சுவரும், கூரை தொடாத பலகைத் தடுப்பும் உள்ள பழைய கடைவீடு புதிதாக இருக்கும். தடுப்பைச் சுவர் என்றும், முற்றத்து வெளிச்சத்தைச் சன்னல் என்றும் அது எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு.

நிரல்களுக்கு மட்டுமின்றிக் கருவிகளுக்கே சவாலான இடம் ஒன்றும் ஜொகூரிலேயே இருக்கிறது. ஜொகூர் பாருவில் 1922-ல் சிறு குடிலாகத் தொடங்கிய அருள்மிகு ஸ்ரீ ராஜகாளியம்மன் கோயில், பின்னர் சுவர், தூண், கூரை எங்கும் வண்ணக் கண்ணாடித் துண்டுகள் பதித்த கண்ணாடிக் கோயிலாக மாறியது. கண்ணுக்கு விருந்தான இடம். அளப்பதற்குக் கொடுமையான இடம். கண்ணாடிச் சில்லில் தெரியும் விளக்கு சுவரில் இருக்கும் புள்ளி அல்ல. பார்ப்பவர் நகர்ந்தால் அதுவும் நகரும். புள்ளிகளைப் பொருத்தும் முறை, இடம் மாறும் இந்தப் பொய்ப் புள்ளிகளைத் துரத்திக்கொண்டு போகும். பெரிய சமதளக் கண்ணாடி என்றால் சுவருக்கு அப்பால் இல்லாத ஓர் அறையையே வரைந்துவிடும். லேசர் கருவியாலும் இதிலிருந்து தப்ப முடியாது. கதிர் கண்ணாடியில் பட்டுத் தெறித்து வேறெங்கோ போய்த் திரும்புவதால் தூரம் கூடிக் காட்டும். இப்படிப்பட்ட இடத்தில் பளபளக்காத தாள் அடையாளங்களைச் சுவரில் ஒட்டிவைத்து அவற்றை மட்டும் நம்புவதே பழகிய வழி.

எதற்குப் போதும், எதற்குப் போதாது

சாமான் போட இடம் பார்க்க, வண்ணம் பூச எத்தனை சதுர அடி என்று மதிப்பிட, தீயணைப்பாளர்கள் கட்டடத்தின் வழிகளை முன்கூட்டியே அறிந்துகொள்ள, இந்த வரைபடங்கள் தாராளமாகப் போதும். சுவரின் நடுக்கோடு யாருக்குச் சொந்தம் என்ற வழக்குக்குப் போதாது. தீபகற்ப மலேசியாவில் அடுக்குமாடிப் பகுதிகளின் உரிமைப் பத்திரம் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வழங்கப்படுகிறது. அதற்கான அளவை உரிமம் பெற்ற நில அளவையாளரின் வேலை.

எல்லாப் பக்கமும் பார்க்கும் கேமராவுக்கு எதைப் பார்க்கக் கூடாது என்று தெரியாது. சாமி மாடத்தில் மாட்டிய குடும்பப் படம், மேசைமேல் கிடக்கும் வங்கிக் கடிதம், கதவுப் பூட்டின் வகை எல்லாம் படத்தில் விழும். எடுக்கும் முன் ஒருமுறை சுற்றி வந்து இவற்றை அப்புறப்படுத்துவதும், வெளியிடும் முன் முகங்களை மறைப்பதும் எடுப்பவரின் பொறுப்பு.

இவற்றையெல்லாம் விட ஒரு சிறிய ஒழுங்கு முக்கியம். தோட்டப்புறங்களில் லயன் வீடுகளும் பழைய கோயில்களும் ஒவ்வொன்றாக மறைந்துவருகின்றன. அவை போகுமுன் ஒரு சுற்றுப்படம் எடுத்துவைக்க இன்று பெரிய செலவு இல்லை. எடுக்கும்போது ஒரு மீட்டர் கழியைத் தரையில் கிடத்துங்கள், அல்லது வாசற்கதவின் அகலத்தை டேப்பால் அளந்து படத்தோடு எழுதிவையுங்கள். மங்கலான படத்தைத் தெளிவாக்கவும், சாய்ந்ததை நிமிர்த்தவும், மறைந்த மூலையை ஊகிக்கவும் நாளைய மென்பொருள் இன்னும் நன்றாகக் கற்றுக்கொள்ளும். இடிந்துபோன வீட்டில் அளக்காமல் விட்ட அந்த ஒரு நீளத்தை எந்த மென்பொருளாலும் திரும்பப் போய் அளக்க முடியாது.